துவக்குக்கு அனுமதி உண்டு. தோட்டா நிரப்ப அனுமதி உண்டா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் படுவான்கரையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து, அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. ஐந்து ஏக்கர் வேளாண்மை. அப்பாவின் பெயரில் பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதி பெற்ற, ‘12 போர்’ என்ற குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துவக்கு (துப்பாக்கி) ஒன்று வீட்டில் இருக்கிறது. அது அப்பப்பா காலத்துத் துவக்கு. அப்பாவுக்கு 71 வயதாகிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது. அதனால் இரவுக் காவலுக்குத் துவக்குடன் வாடிக்கு (வயல் குடிலுக்கு)ப் போவது மகன்தான். போன பெரும்போகத்தில், பயிர் கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றபோது, ஒரே இரவில் ஒன்றரை ஏக்கரை யானைகள் மிதித்துவிட்டுப் போயின. மிச்சத்தைப் பன்றி உழுதது. தோட்டா வாங்குவதோ அலைச்சல், செலவும் அதிகம். இந்த நிலையில் கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் மாசி மாதம் ஊருக்கு வருகிறார். அங்கே மான் வேட்டைக்குப் போகும் அவர், சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்று உறைகளான கோதுகளில் மறுபடியும் வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்வதைத் தன் கராஜிலேயே செய்கிறார். ஒரு கையேடும், மேசையில் பொருத்தும் சிறிய அழுத்தக் கருவியும் கொண்டு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

“அண்ணா மூன்று கையேடுகளின் பெயரை அனுப்பியிருக்கிறார். எதை வாங்கச் சொல்வது? நாற்பது வெற்றுக் கோதுகள் சேர்த்து வைத்திருக்கிறேன். மருந்துக்கு, தெரிந்த ஒருவர் ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்கிறார். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இருக்கும்போது, அதற்குரிய தோட்டாவை நாமே நிரப்பிக்கொள்வதில் தவறில்லைத்தானே?” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள தம்பி,

ஒன்றரை ஏக்கர் போன இரவுக்குப் பிறகு நீங்கள் எப்படி விடியும்வரை வரம்பில் நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் தாய்வழி உறவுகள் எல்லாரும் வட்டைக்காரர்கள், வயல்வெளியில் வேளாண்மை செய்பவர்கள். ஆனாலும் உங்கள் கேள்விக்கான பதிலை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்தக் கையேட்டையும் தோட்டா நிரப்புவதற்காக வாங்கச் சொல்லாதீர்கள். கருவியையும் கொண்டு வரவேண்டாம் என்று அண்ணாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மருந்து தருவதாகச் சொன்னவரின் தொடர்பை உடனே நிறுத்துங்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நல்ல நோக்கத்தோடு சேர்ந்து சில தவறான நம்பிக்கைகளும் இருக்கின்றன.

இரண்டு சட்டங்கள்

நீங்கள் ஒரே அனுமதி என்று நினைப்பது உண்மையில் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருகிறது. துவக்கை வைத்திருப்பதற்கான அனுமதி, 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி கிடைப்பது. மருந்தும் தோட்டாவும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்தின் பிடிக்குள் வருபவை. அந்தச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் வெடிபொருளைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், வைத்திருப்பதும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவதும் தனித்தனிக் குற்றங்கள். வெடிபொருள் என்றால் டைனமைட் மட்டும்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மருந்தும், கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறிய உலோகக் குமிழும், நிரப்பி முடித்த தோட்டாவும் அதற்குள் அடங்கும்.

ஆகவே அப்பாவின் பத்திரம் உங்களுக்குத் தோட்டா செய்யும் உரிமையைத் தரவில்லை. கோது உங்களுடையது, துவக்கு உங்களுடையது, சுடுவது உங்கள் வயலில் என்ற நியாயங்கள் நீதவானின் முன்னால் எடுபடாது. வாடியில் ஒரு போத்தல் மருந்தும் ஒரு பெட்டி பிரைமரும் பிடிபட்டால், முதற்கேள்வி அது எங்கிருந்து வந்தது என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. வெடிமருந்து என்ற சொல் ஒரு பொலிஸ் அறிக்கையில் ஏறினால், அது ஒரு விவசாயியின் சிக்கன முயற்சியாகப் பார்க்கப்படும் என்று எண்ண வேண்டாம். முப்பது ஆண்டுப் போர் நடந்த மண் இது. விசாரணை எந்தத் திசையில் போகும், எத்தனை மாதம் விளக்கமறியலில் இருக்க நேரும் என்பதை எந்தச் சட்டத்தரணியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தந்தது அதுதான்: “அப்பாவால் முடியாததால் நான்தான் துவக்கைக் கொண்டு போகிறேன்.” அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியதல்ல. பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், அப்பாவின் துவக்கு உங்கள் தோளில் இருக்கும் ஒவ்வோர் இரவும் நீங்கள் அனுமதியில்லாத சுடுகலனை வைத்திருப்பவர். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்தக் குற்றங்களுக்கான தண்டனைகளைப் பெரிதும் கடுமையாக்கியது. அப்பாவுக்கு ஏதாவது நேர்ந்தாலும் துவக்கு தானாக மகனுக்கு வந்து சேராது. ஒப்படைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

கையேடு பற்றிக் கேட்டீர்கள்

கேட்ட கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. அண்ணா வாழும் நாட்டில் இது உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களின் சட்டபூர்வமான பொழுதுபோக்கு. அவர் அனுப்பிய பெயர்களில் லைமனும் ஹோர்னடியும் இருக்கின்றன. இரண்டும் அங்கே மதிப்புள்ள, பல பதிப்புகள் கண்ட கையேடுகள். ஆனால் அவை எப்படிப்பட்ட புத்தகங்கள் என்று தெரிந்தால், அவை ஏன் உங்கள் வாடியில் பயன்படாது என்பதும் விளங்கும். சட்டத்தரணியாகிய எனக்கு, சுடுகலன் வழக்குகளில் நிபுணர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதற்காக இவற்றைப் படிக்க வேண்டி வந்தது. அந்த அறிவோடுதான் சொல்கிறேன்.

முதலாவது, அண்ணாவின் பட்டியலில் உள்ளவை ரைபிள், கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கான புத்தகங்கள். அவர் மானுக்குப் போவது ரைபிளோடு. உங்களிடம் இருப்பது, சிறு ஈய உருண்டைகளான சன்னம் சிதறும் 12 போர். அதன் தோட்டாவில் ஒற்றைக் குண்டு இல்லை. சன்னமும், அதற்கும் மருந்துக்கும் நடுவே தக்கையும் இருக்கின்றன. அதற்கான கையேடுகள் தனியாக வெளிவருகின்றன. ரைபிள் அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துச் சன்னத் தோட்டாவில் போடுபவர், தன் முகத்துக்கு அருகே ஒரு வெடிகுண்டைப் பிடித்திருக்கிறார்.

இரண்டாவது, இந்தக் கையேடுகளின் ஒவ்வொரு வரியும் ஒரு முழுச் சேர்க்கைக்கு உரியது. இன்ன கம்பனியின் இன்ன கோது, இன்ன பிரைமர், இன்ன தக்கை, இன்ன மருந்து, இத்தனை சன்னம் என்று அத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு வரி. ஆய்வுகூடத்தில் அழுத்தமானி பொருத்திய குழலில் சுட்டு, அந்தச் சேர்க்கை எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளந்து எழுதுகிறார்கள். பிரைமரை மட்டும் மாற்றினாலே அழுத்தம் அபாயமான அளவுக்கு ஏறக்கூடும். சன்னத் தோட்டாவுக்கு எந்தப் பகுதியையும் மாற்றக்கூடாது என்று அந்தக் கையேடுகளே திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன. உங்களிடம் இருக்கும் நாற்பது கோதுகள் எத்தனை கம்பனிகளுடையவை? அந்த நண்பர் தரப்போகும் மருந்தின் பெயர் என்ன? பெயர் தெரியாத மருந்துக்கு உலகத்தில் எந்தக் கையேட்டிலும் ஒரு வரிகூடக் கிடையாது. மருந்தின் நிறத்தையும் மணியையும் பார்த்து இன்னது என்று சொல்ல அதைத் தயாரித்தவராலும் முடியாது.

மூன்றாவது, அளவுகள். இந்தப் புத்தகங்களில் மருந்தின் எடை கிரெயினில் இருக்கும். ஒரு கிராம் என்பது 15 கிரெயினுக்கும் மேல். இரண்டையும் குழப்பினால் பதினைந்து மடங்கு பிழை. அதைவிடப் பொல்லாதது, தோட்டாப் பெட்டிகளில் காணும் டிராம் என்ற அளவு. பழைய கறுப்பு வெடிமருந்தான கரிமருந்தின் காலத்தில் அது மருந்தின் உண்மையான அளவு. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவில் அது வெறும் ஒப்பீட்டுக் குறி, வேகத்தைக் காட்ட எழுதுவது. பெட்டியில் மூன்று டிராம் என்று பார்த்துவிட்டு அவ்வளவு புகையில்லா மருந்தை நிரப்பினால் குழல் பிளந்துவிடும்.

நான்காவது, உங்கள் துவக்கே. அப்பப்பா காலத்து இங்கிலாந்துத் துவக்குகளில் பல, 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு அளவெடுத்துத் துளைத்தவை. இப்போது பரவலாக வரும் கோது 70 மில்லிமீற்றர். கோதின் வாய் மடிந்திருக்கும்வரை அது உள்ளே சுலபமாகப் போய்விடும். சுடும்போது வாய் விரிய இடம் போதாமல் சன்னத்தின் வழியை நெருக்கும், அழுத்தம் ஏறும். பழைய குழல்களில் சில கரிமருந்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. எந்தப் புத்தகமும் உங்கள் குழலைத் திறந்து பார்க்காது. அதைத் தகுதியான ஒரு துவக்குத் திருத்துநர் பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் தோட்டாவுக்கும் இது பொருந்தும், அதனால் இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

அண்ணாவுக்கு அவருடைய நாட்டிலேயே பயன்படக் கையேடு தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்டால், புதிய பதிப்பை வாங்கச் சொல்லுங்கள், மருந்துக் கம்பனியின் சொந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது கூடாது. மருந்தும் மாறிவிட்டது, அழுத்தம் அளக்கும் முறையும் மாறிவிட்டது. அவ்வளவுதான்.

ஒரு சான்றுப்பொருள்

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆஜரான வழக்கு ஒன்றில், நீதிமன்ற மேசையில் ஒரு துவக்கை வைத்தார்கள். வலது குழல், கோது அமரும் இடத்துக்குச் சற்று முன்னால், வாழைப்பூவின் மடல் விரிவதுபோல மூன்றாகப் பிரிந்து வெளியே வளைந்திருந்தது. உட்புறத்து இரும்பு நீலம் பாரித்திருந்தது. கீழே இருந்த மரக்கைப்பிடி இல்லவே இல்லை. அந்த மரத்தைத்தான் சுடுபவரின் இடது கை பிடித்திருக்கும்.

என் கட்சிக்காரர் ஒரு நல்ல கமக்காரர், நாற்பத்தைந்து வயது. பட்டாசுகளிலிருந்து எடுத்த மருந்தைக் கொண்டு நிரப்பியிருந்தார். முதல் இரண்டு தோட்டாக்கள் நன்றாக வெடித்தனவாம். அதனால்தான் மூன்றாவதை நம்பினார். இடது கையில் மூன்று விரல்கள் போயின. வைத்தியசாலையில் வெடிக்காயம் என்றவுடன் பொலிஸுக்குத் தகவல் போனது. கட்டில் அருகே வாக்குமூலம், பிறகு வீட்டைச் சோதனை, பிறகு வழக்கு. துவக்கின் அனுமதியும் போயிற்று. அவருடைய மனைவி கூண்டுக்கு வெளியே, கணவரின் பான்டேஜ் சுற்றிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த நிற்பு என் கண்முன் வந்தது.

பயணப் பொதியில் வருபவை

மருந்தையும் பிரைமரையும் அண்ணா தன் பொதியில் கொண்டு வருவார் என்ற யோசனை எங்காவது இருந்தால் அதைக் கைவிடுங்கள். விமானத்தில் கைப்பையிலும் சரி, ஏற்றும் பொதியிலும் சரி, அவை தடை. சர்வதேசத் தபாலிலும் தடை. கையேடு வெறும் காகிதம். அதை வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் கையேடு, கருவி, நாற்பது கோது, இவற்றோடு ஒரு கரண்டி மருந்தும் ஒரே அறையில் கிடந்தால், தயாரிப்பு நோக்கத்தை நிரூபிக்க வழக்குத் தொடுநருக்கு வேறு எதுவும் தேவையில்லை. கட்டுநாயக்காவில் சுங்கத்தில் கருவியை விளக்கிக்கொண்டு நிற்கும் சங்கடத்தையும் அண்ணாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

யானைக்கு முன்னால் இந்தத் துவக்கு

பயிரை மிதித்த யானையைச் சுடலாம் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது தவறு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி யானை பாதுகாக்கப்பட்ட விலங்கு. வயல் உங்களுடையது என்பது சுடுவதற்கு உரிமை தராது. சட்டத்தை விடுங்கள்; 12 போர் சன்னம் யானையைத் திருப்பி அனுப்புவதில்லை, தோலுக்குள் தங்கிச் சீழ் பிடிக்கிறது. காயம்பட்ட தனியன் யானை அடுத்த வாரம் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ சைக்கிளில் போகும் ஒருவரைத் துரத்தும். 2023இல் மட்டும் நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. துவக்குச் சூட்டுக் காயமும், இரையில் மறைத்து வைத்து வாயில் வெடிக்கும் ஹக்கப்பட்டாஸும், வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவதும் அந்தச் சாவுகளில் பெரும் பங்கு வகிக்கின்றன. பன்றிக்கென்று வைத்த ஹக்கப்பட்டாஸை யானைக்கன்று கடித்து, நாக்குக் கிழிந்து, நாள் கணக்காகத் தண்ணீரும் குடிக்க முடியாமல் நின்று சாகும். உங்கள் நண்பர் ஒழுங்கு செய்யும் மருந்தும் அதே கைகளைக் கடந்துதான் வருகிறது.

செய்யக்கூடியவை

உங்கள் இழப்பு உண்மையானது. நான் வெறுங்கையோடு உங்களை அனுப்பப் போவதில்லை.

துவக்கை உங்கள் பெயருக்கு மாற்றுவது. இதுவே முதல் வேலை. கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை, பிறகு மாவட்டச் செயலகம் என்று பாதை நீளம்தான். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தின் பிரதி, பயிர்ச்சேதம் நடந்த நாட்களின் படங்கள், கமக்காரர் அமைப்பின் கடிதம், அப்பாவின் கண் வைத்திய அறிக்கை, இவற்றை இணைத்தால் உங்கள் தேவை காகிதத்தில் தெளிவாகும். அது நடக்கும்வரை துவக்கு அப்பாவின் கையில் மட்டுமே இருக்கட்டும். இது உங்களுக்குக் கசக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தோட்டா. பாதுகாப்பு அமைச்சின் கீழ் வெலிசறையில் வர்த்தக வெடிபொருள், சுடுகலன், தோட்டாக் கொள்வனவுப் பிரிவு இயங்குகிறது. அனுமதிப்பத்திரக்காரருக்கான முறையான வழி மாவட்டச் செயலகத்தில் தொடங்குகிறது. அலைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வட்டையில் அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் கமக்காரர் அமைப்பின் ஊடாக ஒன்றாகக் கோரிக்கை வைத்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானையாரிடம் பேசிப் பாருங்கள். கமக்காரர்கள் பத்துப் பேரின் கையெழுத்தோடு வரும் கடிதத்துக்கு அலுவலகங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

காப்புறுதி. காட்டு யானையால் நெல்லுக்கு வரும் சேதம் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டத்துக்குள் வருகிறது. போன போகச் சேதத்துக்கு நீங்கள் விண்ணப்பித்ததாகக் கடிதத்தில் இல்லை. இனி ஒரு மூலை மிதிபட்டாலும் மறுநாளே கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். திரும்ப நட்டுவிட்ட பிறகு, தண்ணீர் பாய்ச்சிக் காலடி அழிந்த பிறகு, எந்த உத்தியோகத்தரும் சேதத்தை மதிப்பிட முடியாது.

வேலி. இதில் சற்றுப் பொறுமையாக யோசியுங்கள். விதைப்பில் நட்டு அறுவடையோடு கழற்றும் பருவகால மின்வேலியை, ஒரு வட்டையின் கமக்காரர்கள் சேர்ந்து போட்டுப் பராமரிக்கும் முறை, நாட்டின் வேறு பல பகுதிகளில் நல்ல பலன் தந்திருக்கிறது. காட்டின் எல்லைக்கோட்டில் யாரும் கவனியாமல் நிற்கும் வேலியை யானை சாய்த்துவிடுகிறது. பயிரை ஒட்டி நிற்கும் வேலிக்கு ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும் கண்கள் உண்டு. அதற்கென்று உள்ள கருவி, நொடிக்கும் குறைந்த நேரம் அதிர்ச்சி தந்து விலகும். ஆளையோ யானையையோ கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பிக்குக் கொடுப்பது கொலைக்கருவி. இரண்டையும் ஒருபோதும் ஒன்றென எண்ணாதீர்கள். யானையை விரட்டக் கொளுத்தும் யானை வெடிகளை வனஜீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்திலிருந்து பெறலாம். அவற்றையும் கையில் பிடித்துக் கொளுத்துபவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள், சொன்ன முறைப்படியே பயன்படுத்துங்கள்.

மருந்து தருவதாகச் சொன்னவருக்கு நீங்கள் ஏதேனும் முற்பணம் கொடுத்திருந்தால், திரும்பக் கேட்டுப் போக வேண்டாம். அந்தப் பணம் போகட்டும். தொலைபேசியில் இது பற்றி அவருடன் மேலும் எதுவும் பேச வேண்டாம். ஏற்கனவே ஏதாவது கைக்கு வந்திருந்தால், அதை ஆற்றிலோ கிணற்றிலோ கொட்டாதீர்கள், தீயிட்டும் பார்க்காதீர்கள். முதலில் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், எப்படி ஒப்படைப்பது என்று அவர் வழி செய்வார். இந்த ஒரு விடயத்தைக் கடிதத்தில் எழுதவும் வேண்டாம், எனக்கும்கூட.

அந்த நாற்பது கோதுகளையும் அப்பாவின் பெயரில் வாங்கிய தோட்டாக்களின் பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து ஒரு பெட்டியில் வையுங்கள். மாவட்டச் செயலகத்துக்குப் போகும் நாளில் எண்ணிக்கையைச் சொல்லி, என்ன செய்வதென்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவின் பத்திரம் டிசம்பர் 31உடன் காலாவதியாகும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை அதற்கு முன்னரே கொடுத்துவிடுங்கள், அவரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.